அந்தமானில் ஆறு இரவுகள், ஐந்து தீவுகள்: இந்தத் திட்டம் சரிவருமா?

காவிரிக்கரை எழுதியது:

வணக்கம். பொங்கல் முடிந்தபின் ஜனவரி மாதக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ குடும்பத்தோடு அந்தமான் சென்றுவர எண்ணியிருக்கிறோம். நான், என் கணவர், 11 வயது மகள், 68 வயதான மாமியார் என நான்கு பேர். திருச்சியிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து விமானத்தில் செல்வோம். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை. ஆகையால் நாள்களைச் சற்று முன்பின் நகர்த்த இடம் உண்டு.

பயண முகவர் ஒருவர் கொடுத்த திட்டத்தை அப்படியே எழுதுகிறேன். முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி, மாலையில் செல்லுலார் சிறையும் அங்கு நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியும். இரண்டாம் நாள் ராஸ் தீவும் நார்த் பே தீவும். மூன்றாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக் சென்று, மாலையில் ராதாநகர் கடற்கரை. நான்காம் நாள் காலை எலிஃபன்ட் பீச், பிற்பகல் கப்பலில் நீல் தீவு. ஐந்தாம் நாள் நீல் தீவின் கடற்கரைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலைக் கப்பலில் போர்ட் பிளேர் திரும்புதல். ஆறாம் நாள் அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி பாராடாங் சென்று, சுண்ணாம்புக் குகையும் மண் எரிமலையும் பார்த்து மாலையில் திரும்புதல். ஏழாம் நாள் விமானம்.

தாளில் பார்க்கும்போது நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. தினமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறுவது அவருக்கு ஒத்துவருமா என்பது என் முதல் கவலை. மகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும், பவளப்பாறையைப் பார்க்க வேண்டும். எங்கள் நால்வரில் என் கணவருக்கு மட்டுமே நீந்தத் தெரியும், அதுவும் ஆற்று நீச்சல். ஹேவ்லாக்கில் 'கடலைத் தொட்டபடி' அமைந்திருப்பதாக விளம்பரம் செய்யும் ரிசார்ட் ஒன்றை முகவர் பரிந்துரைக்கிறார். வாடகை எங்கள் வசதிக்குக் கொஞ்சம் மிஞ்சியது. அறையிலிருந்து இறங்கினால் கடல் என்பது உண்மையானால் அந்தச் செலவைச் செய்யலாம் என்று நினைக்கிறோம். சென்றுவந்தவர்கள் சொல்லுங்கள்: இந்தத் திட்டத்தில் எதைக் குறைப்பது, எதை விடக்கூடாது?

நெய்தல்நிலம் எழுதியது:

நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் முறை கிட்டத்தட்ட உங்களுடைய இதே திட்டத்தில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: முகவர் கொடுத்த ஆறு இரவுகளில் நான்கு இரவுகளைப் போர்ட் பிளேர் நகரத்தில்தான் கழிக்கப் போகிறீர்கள் என்பதைக் கவனித்தீர்களா? கடற்கரைக்காகச் செல்லும் பயணத்தில் கடற்கரைத் தீவுகளுக்கு ஆளுக்கொரு இரவு. வாகனத்தையும் தங்குமிடத்தையும் நகரத்தில் ஏற்பாடு செய்வது முகவர்களுக்கு எளிது, செலவும் குறைவு. அதனால்தான் முகவர்களின் பெரும்பாலான தொகுப்புப் பயணத் திட்டங்கள் இப்படி அமைகின்றன.

அதைவிட முக்கியமான ஒன்றை எந்த முகவரும் எனக்குச் சொன்னதில்லை. அது ஓதம், அதாவது கடல் நாள்தோறும் ஏறி இறங்குவது. நம் சோழமண்டலக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், அதை வைத்து நாம் எதையும் திட்டமிடுவதில்லை. அமாவாசையன்று திருச்செந்தூரில் கடல் சில பத்தடி உள்வாங்கினாலே அது செய்தியாகிவிடுகிறது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 2 மீட்டர் வேறுபடும். செங்குத்தாக 2 மீட்டர் என்பது, தட்டையான கரையில் நூற்றுக்கணக்கான அடி தூரத்துக்குக் கடல் இல்லாமல் போவதற்குப் போதும்.

ஹேவ்லாக்கின் ரிசார்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தீவின் கிழக்குக் கரையில், கோவிந்தநகர், விஜயநகர் பகுதிகளில் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கரை ஆழமற்றது. அடியில் பழைய பவளப்பாறை பரந்து கிடக்கிறது. ஓதம் ஏறியிருக்கும்போது நீங்கள் விளம்பரத்தில் பார்த்த அதே பச்சை நீலக் கடல் அறை வாசல் வரை வந்து நிற்கும். இறங்கிய பிறகு அதே இடத்தில் சேறும் பாறையும் தேங்கிய நீர்க்குட்டைகளும்தான். விளம்பரம் பொய் சொல்லவில்லை. நாளில் பாதி நேரத்து உண்மையை மட்டும் சொல்கிறது. முதல் முறை நாங்கள் மதிய உணவு முடித்துக் குளிப்பதற்கு ஆயத்தமாகி வெளியே வந்தபோது கடல் தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தது. என் மனைவி, "பணத்தைக் கொடுத்து வறண்ட ஏரிக்கரையில் அறை எடுத்திருக்கிறோம்" என்றார்.

மேற்குக் கரையிலுள்ள ராதாநகர் அப்படியல்ல. மணல் மெல்லச் சரிந்து இறங்குகிறது. காலடியில் பாறை உறுத்தாது. ஓதம் இறங்கினாலும் குளிக்க முடியும். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரையாக அதைத் தேர்ந்தெடுத்ததும், 2020-இல் நீலக்கொடிச் சான்று கிடைத்ததும் உங்களுக்கு எல்லா விளம்பரத்திலும் தென்படும். எனக்கு அங்கே பிடித்தது வேறு: மணலின் விளிம்பு வரை நெருங்கி நிற்கும் பெருமரங்களின் நிழல். உங்கள் மாமியார் நாள் முழுவதும் நிழலில் அமர்ந்தபடி பேத்தி குளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் அருகிலேயே உண்டு.

ராதாநகர்ப் பக்கம் விடுதிகள் மிகக் குறைவு. இருப்பவற்றில் சில, எட்டிப் பார்க்கவே தயங்க வைக்கும் வாடகையுடையவை. ஆகவே என் யோசனை: கிழக்குக் கரையில், 'கடலைத் தொட்டபடி' என்ற அடைமொழிக்குத் தனியாகப் பணம் கொடுக்காமல், சுத்தமான நடுத்தர விடுதி ஒன்றில் தரைத்தளத்து அறை எடுங்கள். மிச்சப்படும் பணத்தில் தினமும் ஒரு வாகனம் வைத்து ராதாநகர் சென்று வாருங்கள். படகுத்துறையிலிருந்து அது 12 கிலோமீட்டர்தான்.

திட்டத்தை நான் மாற்றினால் இப்படி மாற்றுவேன். முதல் நாள் போர்ட் பிளேர், மாலையில் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக், அங்கே மூன்று இரவுகள். ஐந்தாம் நாள் காலை நீல் தீவு, ஓர் இரவு. ஆறாம் நாள் பிற்பகல் போர்ட் பிளேர் திரும்பி அங்கே உறங்கி, மறுநாள் விமானம். பாராடாங்கை முழுமையாக விட்டுவிடுங்கள். அங்கே குகைக்குப் படகிலிருந்து இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான பாதையில் நடக்க வேண்டும்; முழங்கால் வலியுள்ளவருக்கு அது தண்டனை.

நாள்களை நகர்த்த முடியும் என்கிறீர்கள். அது பெரிய வசதி. நீல் தீவில் இறங்கும் ஐந்தாம் நாள் பௌர்ணமியன்றோ அமாவாசையன்றோ அதற்கு மறுநாளோ வரும்படி அமைத்துப் பாருங்கள். அந்த நாள்களில் அப்பகுதியில் உயர் ஓதம் ஏறத்தாழக் காலை 9, 10 மணியளவிலும், தாழ் ஓதம் பிற்பகல் 3, 4 மணியளவிலும் வருவது வழக்கம். நீல் தீவின் லட்சுமண்பூரில் பாறையில் இயற்கையாக அமைந்த பாலம் ஒன்று இருக்கிறது. வங்காளிகள் அதைக் கிண்டலாக ஹவுரா பாலம் என்பார்கள். நீர் வற்றினால்தான் அதனடிக்கு நடந்து செல்ல முடியும். பிற்பகல் வற்றத்தில் அதைப் பார்த்துவிட்டு, அதே லட்சுமண்பூரின் மறுபக்கக் கரையில் சூரிய அஸ்தமனம் பார்ப்பது ஒரே வீச்சில் முடிந்துவிடும். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், அதற்கு முந்தைய ஹேவ்லாக் நாள்களில் உயர் ஓதம் இன்னும் முன்னதாக, விடிந்த சற்று நேரத்தில் வந்துவிடும். விடுதி வாசலில் குளிக்க வேண்டுமானால் அதுதான் நேரம். காப்பி குடித்த கையோடு இறங்கிவிட வேண்டும்.

அந்தமான்தமிழன் எழுதியது:

நான் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நெய்தல்நிலம் சொன்ன ஓதக் கணக்கு சரி. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் போர்ட் பிளேருக்குத் தனி இடம் உண்டு; கைப்பேசியிலும் அந்த நேரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் அட்டவணை பார்ப்பதில்லை, நிலாவைப் பார்ப்பார்கள்.

முதலில் ஒரு சிறு திருத்தம். நார்த் பே என்பது தீவே அல்ல. போர்ட் பிளேர் இருக்கும் அதே தெற்கு அந்தமான் தீவின் ஒரு விரிகுடா. சாலை வழியாகச் செல்வது சுற்று என்பதால் படகில் கொண்டுபோகிறார்கள், தீவு என்று எண்ணிக்கையில் சேர்த்துவிடுகிறார்கள். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னை மரங்களுக்கு அப்பால் தெரிவது அந்த இடத்துக் கலங்கரை விளக்கம்தான். அங்கே இப்போது நீர் விளையாட்டுகளுக்கு ஆள் பிடிக்கும் கூச்சலே அதிகம். ராஸ் தீவு வேறு விதம்: ஆங்கிலேயர் தலைமையகமாக இருந்த கட்டடங்களை ஆலமர வேர்கள் பிளந்துகொண்டு நிற்பதும், அவற்றுக்கிடையே மான்கள் மேய்வதும் பார்க்க வேண்டியவை. படகில் சில நிமிடப் பயணம். கடைசி நாள் விமானம் நண்பகலுக்கு மேல் என்றால் காலையில் போய் வந்துவிடலாம்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஹேவ்லாக் சுவராஜ் த்வீப் ஆனது, நீல் ஷாஹீத் த்வீப் ஆனது, ராஸ் நேதாஜியின் பெயரைப் பெற்றது. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் எல்லாரும் பழைய பெயரையே சொல்கிறோம், ஆனால் கப்பல் சீட்டில் புதிய பெயர் இருக்கும். வேறு ஊருக்குச் சீட்டு எடுத்துவிட்டதாகப் பதறிவிடாதீர்கள். நீல் என்றதும் நம்மவர்கள் நீலக் கடலை நினைத்துக்கொள்கிறார்கள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜேம்ஸ் நீல் என்ற ஆங்கிலேயத் தளபதியின் பெயர் அது என்பார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் அவருக்கிருந்த சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்து, 1937-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. சிலை போய் எண்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகுதான் தீவிலிருந்து பெயர் போனது.

இப்போது கப்பல். தனியார் விரைவுப் படகுகள் ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் எடுக்கும், கட்டணம் மிகக் குறைவு, ஆனால் சீட்டு கிடைப்பது கடினம். தனியார் படகுகள் பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட கேடமரான் வகை. நம் கட்டுமரம் என்ற சொல்தான் உலகைச் சுற்றி அந்தப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. அவற்றில் குளிரூட்டிய அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருப்பதால் சிலருக்குக் குமட்டும். மாமியாருக்குப் பேருந்துப் பயணத்தில் வாந்தி வரும் என்றால், மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கிளம்புவதற்கு அரை மணி முன்பே கொடுத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. படகின் பின்பகுதியில், நடுவில் இருக்கை கேளுங்கள். எந்தத் துறையிலிருந்து புறப்படுகிறது என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாடோ வேறு, ஃபீனிக்ஸ் பே வேறு. நால்வரின் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளச் சொன்ன யோசனையை மாற்றவே மாற்றாதீர்கள். காற்று எழுந்தால் துறைமுகத்தார் படகை நிறுத்திவிடுவார்கள், அதில் வாதம் செய்ய ஒன்றுமில்லை. 2016 டிசம்பரில் புயல் உருவானபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கி, கடற்படைக் கப்பல்கள் சென்று அழைத்துவந்தன. ஜனவரிக் கடைசி பொதுவாகக் கடல் அமைதியான காலம். இருந்தாலும் விமானத்துக்கும் கடைசிக் கப்பலுக்கும் இடையில் ஓர் இரவு இருக்கட்டும்.

பாராடாங் பற்றி எனக்கு வேறு காரணமும் உண்டு. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொன்னது; இன்றும் வாகன வரிசை போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காவலர் துணையோடு கிளம்பும் வண்டிகளில் பலர் கழுத்தை நீட்டிக்கொண்டு எதைத் தேடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நிறுத்துவதும் படமெடுப்பதும் உணவு கொடுப்பதும் குற்றம். எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்களை நான் அங்கே அழைத்துச் செல்வதில்லை.

மற்றவை சிறு விஷயங்கள். ஜனவரியில் இங்கே மாலை ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும், காலையில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். இந்தியக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வெகுதூரம் கிழக்கே இருக்கிறோம், அதனால்தான். ராதாநகர் அஸ்தமனத்துக்கு 4 மணிக்கே அங்கே இருங்கள். பணத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். சிறு தீவுகளில் இயந்திரங்கள் சில மட்டுமே, அவையும் சில வேளை வெறுமையாக இருக்கும். சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் 2020-இல் வந்தபிறகு இணையம் தேறிவிட்டது. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், அபர்தீன் பஜாரில் இட்லியும் கிடைக்கும், தமிழில் பதிலும் கிடைக்கும்.

மூச்சடக்கி எழுதியது:

மகளுக்குப் பவளப்பாறை காட்ட வேண்டும் என்று எழுதியிருந்ததால் இதை எழுதுகிறேன். நான் ஸ்கூபா பயிற்சி பெற்றவன். ஹேவ்லாக்கில் சில பருவங்கள் மூழ்கியிருக்கிறேன்.

நீச்சல் தெரியாதவர்களும் பயிற்றுநருடன் ஒருமுறை மூழ்கிப் பார்க்கலாம். குறைந்தபட்ச வயது 10 என்பதால் உங்கள் மகளுக்குத் தடையில்லை. ஆனால் வயது பொருந்துவதும் மனம் பொருந்துவதும் ஒன்றல்ல. வாயால் மட்டும் மூச்சு விடுவதும், கண்ணாடிக்குள் நீர் புகுந்தால் பதறாமல் இருப்பதும் சில குழந்தைகளுக்கு ஐந்து நிமிடத்தில் வரும், சில பெரியவர்களுக்கு ஐந்து நாளிலும் வராது. முதலில் எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்கெல் செய்ய வையுங்கள்: முகத்தை நீருக்குள் வைத்து மிதந்தபடியே குழாய் வழியாக மூச்சு விடுவது. மிதவை வளையத்தோடு ஆள் இழுத்துச் செல்வார். அதில் மகிழ்ந்தால் மறுநாள் ஸ்கூபா. ஆஸ்துமா, காதுத் தொல்லை, சளி அடைப்பு இருந்தால் ஸ்கூபா வேண்டாம். மருத்துவப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டால் நோய் இல்லாமல் போய்விடாது. விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முழு நாளாவது மூழ்காமல் இருக்க வேண்டும். உங்கள் புதிய திட்டத்தில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மூழ்கினால் அந்தக் கவலையே இல்லை.

எதிர்பார்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் வண்ணப் பவளத்தை எலிஃபன்ட் பீச்சின் ஆழமற்ற பகுதியில் தேடாதீர்கள். 2010-இல் கடல் வெப்பம் ஏறியபோது அந்தமான் பவளம் பெருமளவில் வெளிறியது. 2016-இலும் வெளிறல் ஏற்பட்டது. ஆண்டு முழுவதும் மிதித்த கால்களின் பங்கும் உண்டு. மீன்கள் இன்னும் ஏராளம். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் ஓசை நீருக்குள் கேட்கும், மகளை அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். உயிருள்ள பவளத்தை அருகில் பார்க்க விரும்பினால் போர்ட் பிளேர்ப் பக்கமுள்ள வண்டூரிலிருந்து செல்லும் ஜாலி பாய் தீவே மேலானது. அங்கே பிளாஸ்டிக் பொருள்களை உள்ளே விடுவதில்லை, கூட்டமும் கட்டுப்பாட்டில் இருக்கும். அதற்கு இன்னொரு நாள் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

கரையில் கிடக்கும் இறந்த பவளத் துண்டையோ சங்கையோ நினைவாக எடுத்து வராதீர்கள். பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தத் தீவுகளில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. ராதாநகரை ஒட்டிய சிறு குடாவில் 2010-இல் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலையால் இறந்தார். குளிப்பதற்கென்று குறித்திருக்கும் பகுதிக்குள், உயிர்காப்பாளர் கண்ணுக்கெட்டும் இடத்தில் குளித்தால் அச்சப்பட வேண்டியதில்லை. நீரோடை கடலில் கலக்கும் இடங்களிலும், ஆளில்லாத மூலைகளிலும், இருட்டிய பிறகும் நீரில் இறங்கக்கூடாது. ஆற்று நீச்சல் தெரிந்த உங்கள் கணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பழவேற்காட்டான் எழுதியது:

நெய்தல்நிலம் கிழக்குக் கரையை வறண்ட ஏரிக்கரையாக்கியதை ஏற்க முடியவில்லை. நாங்கள் சென்ற ஆண்டு விஜயநகரில்தான் நான்கு இரவுகள் தங்கினோம். கடல் இறங்கிய பிறகு அந்தப் பாறைத் தளத்தின் விளிம்பில் நடந்தால் குட்டைகளில் நட்சத்திர மீனும் துறவி நண்டும் கடலட்டையும் பார்க்கலாம். என் மகன்கள் இருவரும் ராதாநகர் அலையைவிட அதில்தான் அதிக நேரம் செலவழித்தார்கள். கடற்கழியோரத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குச் சேறு அசிங்கமாகத் தெரியவில்லை போலும். தடித்த அடியுள்ள ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் கால் வைத்து, உயிருள்ள பவளத்தை மிதிக்காமல் நடக்க வேண்டும். கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனின் முள் விஷமுள்ளது. அந்தக் கரைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: அது கிழக்கே பார்த்தது. மாமியார் விடியலில் எழுபவராக இருந்தால் அறை வாசலிலேயே சூரியோதயம். அதற்காக முகவர் சொல்லும் வாடகையைக் கொடுக்கச் சொல்லவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள விடுதியில் தங்கினாலும் இரண்டு நிமிட நடையில் அதே கரைதான்.

எலிஃபன்ட் பீச் விஷயத்தில் மாமியாரை யோசித்துக்கொள்ளுங்கள். படகு கரையில் ஒட்டாது. முழங்கால் அளவு நீரில் இறங்கி ஏற வேண்டும், படகின் விளிம்பு உயரம். படகுக்குப் பதிலாகக் காட்டு வழியே நடந்து போவது அவருக்கு முடியவே முடியாது. அன்று அவரை விடுதியில் ஓய்வெடுக்கவிட்டு, நீங்கள் மூவரும் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அவருக்கு மீனும் பவளமும் காட்ட நீல் தீவின் பரத்பூரில் கண்ணாடி அடிப்பகுதியுள்ள படகு இருக்கிறது. பரத்பூர் படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. எங்கள் அம்மா அதில் அமர்ந்தபடி, "மீன் கடையில் பார்த்தவையெல்லாம் உயிரோடு போகின்றன" என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

மணல் ஈக்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கண்ணுக்கே தெரியாது, கடித்த தடம் ஒரு வாரம் அரிக்கும். ஈர மணலில் நேராக உட்காராதீர்கள், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் களிம்பைவிட எங்களுக்கு அதுதான் உதவியது.

காவிரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாராடாங்கையும் நார்த் பேயையும் நீக்கிவிட்டோம். அந்தமான்தமிழன் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டியபோது, பாராடாங் வேண்டாம் என்று முதலில் சொன்னவர் மாமியார்தான். "அடுத்தவர் வீட்டு முற்றத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போய் என்ன பார்க்கப் போகிறோம்" என்றார்.

நாள்காட்டியை எடுத்துப் பௌர்ணமியைப் பார்த்தோம். அது தைப்பூசம். மாமியாருக்கு அன்று முருகன் கோயிலுக்குப் போயாக வேண்டும்; நீல் தீவில் இருப்பது முடியாது என்கிறார். அமாவாசைக்கு மாற்றினால் தை அமாவாசை. அன்று கணவர் வீட்டில் தர்ப்பணம். இரண்டுமே நாங்கள் ஊரில் இல்லாமல் இருக்க முடியாத நாள்கள். ஓதத்தை விட்டுவிட்டு ஏதோ ஒரு வாரத்தில் போக வேண்டியதுதானா?

நெய்தல்நிலம் எழுதியது:

விட வேண்டியதில்லை. ஓதம் பௌர்ணமியன்று மட்டும் பெரிதாக இருந்து மறுநாள் நின்றுவிடுவதில்லை. உண்மையில் அதன் உச்சம் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். தைப்பூசத்தை ஊரில் முடித்துவிட்டு மறுநாள் கிளம்பினால், நீங்கள் ஹேவ்லாக்கில் இறங்குவது பௌர்ணமிக்கு இரண்டாம் நாள். அன்று உயர் ஓதம் முற்பகல் 10, 11 மணியளவில், தாழ் ஓதம் மாலை 5 மணியளவில் இருக்கும். அடுத்த இரண்டு நாள்களில் உயர் ஓதம் நண்பகலை ஒட்டி வந்துவிடும். அதாவது விடுதி வாசலில் குளிக்கும் நேரம் விடியலிலிருந்து முற்பகலுக்கு மாறுகிறது. பழவேற்காட்டானின் நண்டும் நட்சத்திர மீனும் அதிகாலைக்கு மாறுகின்றன. 11 வயதுக் குழந்தைக்கு இந்த வரிசை இன்னும் வசதி.

இழப்பது ஒன்றுதான்: நீல் தீவில் நீங்கள் இறங்கும் நாளில் பாலத்துக்கான வற்றம் காலையில் வந்துவிடும், அடுத்தது இருட்டிய பிறகு. ஆகவே பாலத்தை மறுநாள் விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குப் பகல் பயணிகளைக் கொண்டுவரும் கப்பல் வந்திருக்காது. ஆனால் எட்டாம் பிறை நோக்கிப் போகப்போக வற்றம் முன்போல் ஆழமாக இருக்காது. எவ்வளவு அருகில் போகலாம் என்பதை அங்குள்ள வழிகாட்டி சொல்வதைக் கேளுங்கள். பாறை வழுக்கும், மாமியார் மேலே மர நிழலில் இளநீருடன் இருக்கட்டும். விடுதியில் அறை பதிவு செய்யும்போது ஆட்டோ ஒன்றைக் காலை 6 மணிக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.

அந்தமான்தமிழன் எழுதியது:

தைப்பூசத்துக்காகப் பயணத் தேதியை மாற்றும் முன் இதையும் மாமியாரிடம் சொல்லுங்கள்: போர்ட் பிளேரில் எங்களுக்கும் முருகன் கோயில் உண்டு. ஒரு நாள் முன்னதாகவே வந்து, பூசத்தை இங்கே பார்த்துவிட்டு மறுநாள் காலைக் கப்பலில் ஹேவ்லாக் போகலாம். நெய்தல்நிலம் போட்ட ஓதக் கணக்கில் ஒரு நாள் மிச்சமாகும்.

காவிரிக்கரை எழுதியது:

சொன்னேன். பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டார். விமானச் சீட்டு இன்றிரவு எடுக்கிறோம்.